ஆபீசில் மட்டும் திறக்காத வெப்மெயில்: அறிகுறி பார்த்துச் சரிசெய்வது

தென் ஆப்பிரிக்காவின் டர்பன் பக்கம் கோயில் கமிட்டிக்கோ தமிழ்ப் பள்ளிக்கோ சொந்தமாக மெயில் சர்வர் வைத்து நடத்துகிறவர்களுக்கு இந்தப் புகார் பழகிப்போன ஒன்று. செயலாளர் பகலில் உம்லாங்காவில் ஒரு கம்பெனியில் வேலை பார்ப்பார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் மண்டபப் பதிவு மெயிலைப் பார்க்க உட்காருவார். சற்று நேரத்தில் "அண்ணா, மெயில் ஓபன் ஆகல" என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி வந்து விழும். வீட்டில் நன்றாகத் திறக்கும், ஆபீசில் திறக்காது. உடனே, தளங்களைத் தடுக்கும் ஆபீஸ் ஃபில்டர் மேல் பழி போட்டுவிட்டு எல்லோரும் சும்மா இருந்துவிடுவார்கள். தேடிப் பார்த்தால் பெரும்பாலும் கோளாறு நம் சர்வர் பக்கம் இருக்கும். நம் அமைப்பில் இருக்கும் ஓட்டையை வீட்டு இணைப்பு கண்டுகொள்ளாமல் விட்டுவிடும், ஆபீஸ் நெட்வொர்க் விடாது.

கீழே இருப்பது லினக்ஸில் ஓடும் ரவுண்ட்கியூப் என்ற வெப்மெயில் (பிரவுசரில் மெயில் பார்க்கும்) மென்பொருளை மனதில் வைத்து எழுதியது. ஸ்னாப்பிமெயில், சோகோ (SOGo) போன்றவற்றுக்கும் முக்கால்வாசி பொருந்தும். சர்வர் விபிஎஸ்ஸாக (ஹோஸ்டிங் கம்பெனியிடம் வாடகைக்கு எடுக்கும் மெய்நிகர் சர்வர்) இருக்கலாம், வீட்டு அலமாரியில் இருக்கும் குட்டிக் கணினியாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் வேறுபடுகிற இடத்தில் சொல்கிறேன்.

எதையும் தொடுவதற்கு முன்

புகார் சொன்னவரிடம் இரண்டு விஷயம் கேட்டு வாங்குங்கள். ஒன்று, திரை முழுவதும் தெரியும்படி ஒரு படம். மேலே உள்ள முகவரிப் பட்டை படத்தில் இருக்க வேண்டும். பிழைச் செய்தியை மட்டும் வெட்டி அனுப்பினால் பிரயோஜனமில்லை. இன்னொன்று, அதே இடத்தில் அதே போனில் வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

மொபைல் டேட்டாவிலும் எச்சரிக்கைத் திரை வந்தால் அறிகுறி 2 அல்லது 4ஐப் பாருங்கள். டேட்டாவிலும் எதுவுமே வரவில்லை என்றால் ஆபீசை மறந்துவிடுங்கள், சர்வரே படுத்திருக்கிறது அல்லது முகவரி மாறியிருக்கிறது. நேராக அறிகுறி 1இன் கடைசிப் பகுதிக்குப் போங்கள். டேட்டாவில் திறந்து ஆபீஸ் இணைப்பில் மட்டும் திறக்காவிட்டால், திரையில் என்ன வருகிறது என்பதைப் பார்த்துக் கீழே உள்ள தலைப்புகளில் பொருத்தமானதை எடுத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி 1: வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது, கடைசியில் 'தளத்தை அடைய முடியவில்லை'

தடுப்புப் பக்கம் எதுவும் வராது. பிரவுசர் காத்திருந்து காத்திருந்து கைவிடும்.

*முகவரியில் போர்ட் எண் இருக்கிறதா?*

முதலில் பார்க்க வேண்டியது இதுதான், செலவே இல்லாதது. போர்ட் என்பது சர்வரில் ஒரு சேவைக்கு உள்ள கதவு எண், முகவரியில் முக்காற்புள்ளிக்குப் பின்னால் வரும். சி-பேனல் என்ற நிர்வாகப் பலகை உள்ள ஹோஸ்டிங்கில் வெப்மெயில் 2096ஆம் போர்ட்டில் ஓடும். வீட்டில் சர்வர் வைத்திருப்பவர்கள் 8443 மாதிரி ஏதாவது ஒன்றைத் திறந்துவிட்டிருப்பார்கள். ஆபீஸ் பயர்வால்கள் பல, வெளியே போக 80, 443 ஆகிய இரண்டு போர்ட்டை மட்டும் அனுமதிக்கும். மற்றதெல்லாம் சத்தமில்லாமல் விழுங்கப்படும், அதனால்தான் பிழைச் செய்திகூட வருவதில்லை.

டொமைன் பெயருக்குப் பின்னால் சாய்கோடு போட்டு 'வெப்மெயில்' என்று அடிக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. முகவரியில் எண் எதுவும் இல்லாததுபோல் தெரியும், ஆனால் சி-பேனல் அதை உடனே 2096க்குத் திருப்பிவிடும். அதற்குப் பதிலாக 'வெப்மெயில்' என்ற சொல்லை டொமைனுக்கு முன்னால் புள்ளி வைத்துச் சேர்த்துத் துணைப்பெயராக அடித்தால் 443 வழியாகவே திறக்கும். உறுப்பினர்களிடம் இந்த வடிவத்தையே புக்மார்க் செய்யச் சொல்லுங்கள். சொந்த சர்வர் என்றால் முன்னால் என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர் மென்பொருளை வைத்து, வெப்மெயிலுக்கென்று தனித் துணைப்பெயர் கொடுத்து 443இல் பரிமாறுங்கள்.

*அந்த ஆபீசை நீங்களே தடுத்து வைத்திருக்கிறீர்களா?*

இங்கே கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். அதிகம் தவறவிடப்படும் காரணம் இது.

ஒரு ஆபீசில் எத்தனை பேர் இருந்தாலும் வெளியுலகத்துக்குப் பெரும்பாலும் எல்லோரும் ஒரே ஐபி முகவரியில்தான் (இணையத்தில் ஒரு இணைப்பை அடையாளம் காட்டும் எண்) தெரிவார்கள். உங்கள் சர்வரில் ஃபெயில்2பேன் (தவறான லாகின் முயற்சிகளைக் கவனித்து அவை வரும் முகவரியைத் தடுக்கும் மென்பொருள்) ஓடினால், மாற்றாத அமைப்பில், பத்து நிமிடத்துக்குள் ஐந்து முறை தவறான பாஸ்வேர்டு வந்த முகவரியைப் பத்து நிமிடம் பூட்டிவிடும். தடை எல்லா போர்ட்டுக்கும் சேர்த்து விழும்படி வைத்திருந்தால், யாரோ ஒருவருடைய போன் தப்பாகத் தட்டினாலே அந்தக் கட்டிடத்தில் இருக்கும் உறுப்பினர்கள் அத்தனை பேருக்கும் கதவு மூடிவிடும்.

இது எப்போது நடக்கும் தெரியுமா? பொதுக்குழு முடிந்து புதிய கமிட்டி வந்த வாரத்தில். செயலாளர் கணக்கின் பாஸ்வேர்டை மாற்றியிருப்பீர்கள். பழைய செயலாளரின் போனில் இருக்கும் மெயில் ஆப் பழைய பாஸ்வேர்டோடு சில நிமிடங்களுக்கு ஒருமுறை கதவைத் தட்டிக்கொண்டே இருக்கும். அவர் ஆபீஸ் வைஃபையில் இருந்தால் அந்த ஆபீஸ் பூட்டப்படும், சாயங்காலம் வீட்டுக்குப் போனால் வீடு பூட்டப்படும். புகாரும் விட்டுவிட்டு வரும்: "காலையில் திறந்தது, இப்போது இல்லை, அரை மணி கழித்துத் திறந்தது." அப்படி விட்டுவிட்டு வந்தால் ஃபில்டரைச் சந்தேகிக்க வேண்டாம். ஃபில்டர் தடுத்தால் நாள் முழுக்கத் தடுக்கும்.

சோதிக்க: புகார் சொன்னவரை ஆபீஸ் கணினியில் தன் ஐபி முகவரி என்ன என்று காட்டும் தளம் ஏதாவது ஒன்றைத் திறந்து எண்ணை அனுப்பச் சொல்லுங்கள். சர்வரில் ஃபெயில்2பேனின் ஒவ்வொரு ஜெயிலின் (ஒரு சேவைக்கான தடுப்பு விதி) நிலையையும் கேட்டுப் பாருங்கள், அந்த எண் பட்டியலில் இருக்கிறதா என்று. இருந்தால் விடுவித்துவிட்டு, சர்வரின் பதிவேடான லாக்கில் எந்தக் கணக்கின் பெயர் திரும்பத் திரும்ப வருகிறது என்று பார்த்து, அந்தப் போனில் இருந்து கணக்கை நீக்கச் சொல்லுங்கள். ஆபீஸ் ஐபியை நிரந்தர விலக்குப் பட்டியலில் போட்டுவிடலாம் என்று கை துறுதுறுக்கும். வேண்டாம், நோய் அப்படியே இருக்கும்.

சர்வருக்கு முன்னால் ரிவர்ஸ் பிராக்ஸி (கோரிக்கைகளை முதலில் வாங்கி உள்ளே அனுப்பும் இடைச் சர்வர்) வைத்திருந்தால் இன்னொன்றையும் பாருங்கள். உண்மையான முகவரி பின்னால் கடத்தப்படாவிட்டால் லாக்கில் எல்லோரும் பிராக்ஸியின் முகவரியிலேயே வருவார்கள். ஒருவர் தப்புச் செய்தால் ஊரே வெளியே நிற்கும்.

*நாட்டை வைத்து வடிகட்டுகிறீர்களா?*

தென் ஆப்பிரிக்க முகவரிகளை மட்டும் உள்ளே விடுவது நல்ல பாதுகாப்புதான். ஆனால் தலைமையகம் லண்டனிலோ ஃபிராங்க்ஃபர்ட்டிலோ இருக்கும் கம்பெனிகளில், டர்பனில் உட்கார்ந்திருப்பவரின் இணையப் போக்குவரத்தும் சில சமயம் அந்த ஊர் வழியாகத்தான் வெளியே வரும். மேலே கேட்டு வாங்கிய ஐபி முகவரி எந்த நாட்டுக் கணக்கில் இருக்கிறது என்று பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும். அந்த ஒரு முகவரிக்கு மட்டும் வழி விடுங்கள்.

*முகவரி மாறிவிட்டதா? (வீட்டு சர்வர்)*

2024க்குப் பிறகு லோட் ஷெடிங் (திட்டமிட்ட மின்வெட்டு) வெகுவாகக் குறைந்தாலும் வட்டார மின்தடை நின்றபாடில்லை. கரண்ட் போய் வந்ததும் ஃபைபர் இணைப்புக்குப் புது ஐபி கிடைத்திருக்கும். டொமைன் பெயரை ஐபி முகவரியோடு இணைக்கும் டிஎன்எஸ்ஸில் பழையதே நிற்கும். ரவுட்டரின் பக்கத்தில் வெளி முகவரி என்ன என்று பார்த்து, டிஎன்எஸ் சொல்வதோடு ஒப்பிடுங்கள். ஐபிவி6 (புதிய வகை ஐபி முகவரி) பதிவு ஒன்று எப்போதோ போட்டு மறந்திருந்தால் அதையும் பாருங்கள். அது பழையதாக இருந்தால் சில நெட்வொர்க்கில் திறக்கும், சிலவற்றில் தடுமாறும். பயன்படுத்தாவிட்டால் அழித்துவிடுவது நல்லது. டிஎன்எஸ் பதிவின் ஆயுளை 300 விநாடியாகக் குறைத்து வைத்தால் மாற்றம் சீக்கிரம் பரவும்.

ரவுட்டர் காட்டும் வெளி முகவரி 100.64 முதல் 100.127 வரையில் தொடங்கினால் உங்களுக்குச் சொந்தமாகப் பொது முகவரியே இல்லை, பல வாடிக்கையாளர்களோடு பகிர்ந்துகொள்கிறீர்கள் என்று அர்த்தம். எல்டிஇ, 5ஜி வீட்டு இணைப்புகளில் இது சகஜம். இதற்கு மேல் ரவுட்டரில் போர்ட் திறந்து மல்லுக்கட்ட வேண்டாம். இணைப்பு தருபவரை அழைத்து நிலையான ஐபி கிடைக்குமா, மாதம் எவ்வளவு என்று கேளுங்கள். கிடைக்காது என்றால் ஜோஹன்னஸ்பர்க்கில் ஒரு சிறிய விபிஎஸ் எடுத்து அதற்கு மாறிவிடுங்கள். மெயிலை வீட்டு இணைப்பில் நடத்துவது எனக்கு எப்போதுமே உடன்பாடில்லாத காரியம். போட்டோ சர்வர் வீட்டில் இருக்கட்டும், கமிட்டியின் மெயில் இருக்க வேண்டாம்.

அறிகுறி 2: 'உங்கள் இணைப்பு பாதுகாப்பானதல்ல' என்ற சான்றிதழ் எச்சரிக்கை

இந்த எச்சரிக்கையைத் தாண்டிப் போகச் சொல்லி யாருக்கும் பழக்கப்படுத்தாதீர்கள். முதலில் எச்சரிக்கைப் பக்கத்திலேயே சான்றிதழைத் (தளம் உங்களுடையதுதான் என்று உறுதி சொல்லும் கோப்பு) திறந்து, அதை யார் வழங்கியது என்று படிக்கச் சொல்லுங்கள். அதை வைத்து வழி மூன்றாகப் பிரியும்.

*வழங்கியவர் லெட்ஸ் என்கிரிப்ட், ஆனால் தேதி முடிந்துவிட்டது*

லெட்ஸ் என்கிரிப்ட் என்ற இலவசச் சேவை தரும் சான்றிதழின் ஆயுள் வழக்கமாக 90 நாள். முன்பு காலாவதி நெருங்கினால் மெயில் அனுப்பி நினைவுபடுத்துவார்கள். 2025 ஜூனில் அதை நிறுத்திவிட்டார்கள். அதை நம்பி இருந்தவர்களுக்கு இப்போது புகார் வந்தால்தான் தெரிகிறது.

சர்வரில் சான்றிதழ்க் கோப்பைப் பாருங்கள். கோப்பு புதியதாக இருந்து பிரவுசர் பழைய தேதியைக் காட்டினால், புதுப்பித்தபின் என்ஜின்எக்ஸ் மறுஏற்றம் ஆகவில்லை. மறுஏற்றம் செய்யுங்கள், அதைப் புதுப்பிப்போடு தானாக நடக்கும்படி கட்டி வையுங்கள். கோப்பே பழையது என்றால் புதுப்பிப்பு தோற்றிருக்கிறது. 'பாதுகாப்புக்காக' என்று யாராவது 80ஆம் போர்ட்டை மூடியிருப்பார்கள். சாதாரணச் சரிபார்ப்பு முறைக்கு அந்த போர்ட் திறந்திருக்க வேண்டும்.

ராஸ்பெர்ரி பையில் நடத்துகிறவர்கள் தேதியையும் பாருங்கள். நான்காம் தலைமுறை வரை அதில் பேட்டரிக் கடிகாரம் கிடையாது. ஐந்தாவதில் கடிகாரம் உண்டு, பேட்டரியைத் தனியாக வாங்கி மாட்ட வேண்டும். மின்தடைக்குப் பின் நேரம் பின்னால் போய் நின்றால் புதுப்பிப்பு உட்பட எல்லாமே குழம்பும்.

*வழங்கியவர் சரி, தேதியும் சரி, ஆனாலும் ஆபீசில் மட்டும் 'நம்பமுடியாத சான்றிதழ்'*

உங்கள் சான்றிதழை நம்பகமான மூலச் சான்றிதழோடு இணைக்கும் இடைநிலைச் சான்றிதழை உங்கள் சர்வர் அனுப்பவில்லை. மேசைக் கணினியில் உள்ள பிரவுசர்கள் விடுபட்டதைத் தாங்களே தேடி எடுத்துச் சமாளித்துவிடும், அதனால் வீட்டில் குறையே தெரியாது. ஆபீஸ் வாசலில் சான்றிதழைச் சோதிக்கும் பெட்டி அந்தச் சலுகையைத் தராது. சங்கிலி அறுந்திருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிடும். என்ஜின்எக்ஸ் அமைப்பில் வெறும் சான்றிதழ்க் கோப்பைக் காட்டியிருந்தால் முழுச் சங்கிலிக் கோப்புக்கு மாற்றுங்கள். எஸ்எஸ்எல் லேப்ஸின் இலவசச் சோதனையில் டொமைனைப் போட்டால் சங்கிலி முழுதா இல்லையா என்று சொல்லிவிடும்.

அதே சோதனையில் டிஎல்எஸ் (இணைப்பைக் குறியாக்கும் முறை) பதிப்புகளையும் பாருங்கள். 1.3ஐ மட்டும் வைத்துவிட்டு மற்றதை மூடுகிற ஆர்வக்கோளாறு சிலருக்கு உண்டு. ஆபீசில் பழைய சோதனைப் பெட்டி இருந்தால் அதனால் பேச முடியாமல் இணைப்பு அறுந்துபோகும். 1.2, 1.3 இரண்டும் இருக்கட்டும். 1.0, 1.1 இரண்டையும் 2021லேயே அதிகாரபூர்வமாகக் கைவிட்டாயிற்று, அவற்றைத் திறக்க வேண்டாம்.

*வழங்கியவர் பெயர் உங்களுக்குத் தெரியாத ஒன்று: ஆபீசின் பெயர் அல்லது பயர்வால் கம்பெனியின் பெயர்*

இது கோளாறு அல்ல. ஆபீஸ் வாசலில் உங்கள் இணைப்பைக் கடிதம்போல் பிரித்துப் படித்துவிட்டுத் திரும்ப ஒட்டி அனுப்புகிறார்கள். கம்பெனி கணினியில் அவர்களுடைய மூலச் சான்றிதழ் ஏற்கெனவே நிறுவப்பட்டிருப்பதால் எச்சரிக்கையே வராது, பூட்டுக் குறி வழக்கம்போல் இருக்கும். சொந்தப் போனை ஆபீஸ் வைஃபையில் போட்டால்தான் எச்சரிக்கை வரும். நீங்கள் எச்எஸ்டிஎஸ் (பாதுகாப்பான இணைப்பில் மட்டும் திறக்கும்படி பிரவுசருக்குச் சொல்லும் அமைப்பு) போட்டிருந்தால் தாண்டிப் போகும் பொத்தானும் இருக்காது. நல்லதுதான்.

இங்கே சர்வரில் மாற்ற ஒன்றும் இல்லை. உறுப்பினருக்கு விஷயத்தைச் சொல்லிவிடுங்கள்: அந்த இணைப்பில் அடிக்கும் பாஸ்வேர்டும் திறக்கும் மெயிலும் அந்தப் பெட்டியின் கண்ணில் படும். தென் ஆப்பிரிக்காவில் 2002ஆம் ஆண்டு ரிகா (தகவல்தொடர்பு இடைமறிப்பு) சட்டம், ஊழியர்களுக்கு முன்கூட்டியே தெரியப்படுத்துவது போன்ற நிபந்தனைகளோடு, நிறுவனம் தன் இணைப்பில் போவதைக் கண்காணிக்க இடம் கொடுக்கிறது. வேலையில் சேரும்போது கையெழுத்துப் போட்ட தாள்களில் ஒன்று பெரும்பாலும் அதற்கான ஒப்புதலாகத்தான் இருக்கும். பொருளாளர் போன்றவர்கள், 18ஏ (வரிச் சலுகைக்கான) நன்கொடை ரசீதுகளில் அடையாள எண்களைக் கையாளுகிறவர்கள், அப்படிப்பட்ட இணைப்பில் மெயிலைத் திறக்காமல் இருப்பதே மேல். போன், மொபைல் டேட்டா, அவ்வளவுதான்.

அறிகுறி 3: ஆபீசின் 'தடுக்கப்பட்டது' பக்கம் வருகிறது

இப்போதுதான் உண்மையிலேயே ஃபில்டர். அந்தப் பக்கத்தில் இரண்டு தகவல் இருக்கும்: ஃபில்டர் கம்பெனியின் பெயர், எந்த வகைக்காகத் தடுத்தது என்பது. வகைதான் முக்கியம். படத்தில் அது தெரியாவிட்டால் மறுபடி கேட்டு வாங்குங்கள். கம்பெனி பெயர் தெரிந்தால் நீங்களே பார்த்துக்கொள்ளலாம். ஃபோர்டிகார்ட், பாலோ ஆல்டோ, சிஸ்கோ டாலோஸ் எல்லோருமே ஒரு முகவரியை எந்த வகையில் வைத்திருக்கிறார்கள் என்று யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கும்படி வைத்திருக்கிறார்கள்.

*'வகைப்படுத்தப்படாதது' அல்லது 'புதிதாகப் பதிவான டொமைன்'*

சின்ன அமைப்புகளுக்கு இதுதான் வழக்கமான இடம். பாலோ ஆல்டோ பதிவாகி 32 நாள் ஆகாத பெயரைப் புதியது என்று வைக்கும், பல ஆபீஸ்கள் அந்த வகையை அப்படியே தடுத்துவிடும். காத்திருப்பதே மருந்து. தைப்பூசக் காவடிக்குப் புது டொமைன் வேண்டும் என்றால் இரண்டு மாதம் முன்பே பதிவு செய்து வைத்துவிடுங்கள்.

வகைப்படுத்தப்படாதது என்று வந்தால் அந்தக் கம்பெனியின் தேடல் பக்கத்திலேயே மறுபரிசீலனைக்கு விண்ணப்பிக்கலாம், இலவசம். அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. உங்கள் முதன்மை டொமைனில் ஒரு நிஜப் பக்கம் இருக்க வேண்டும்: கோயிலின் பெயர், ஊர், பூசை நேரம், தொடர்பு எண். மதிப்பிடுகிறவர் வந்து பார்க்கும்போது வெறும் லாகின் பெட்டி மட்டும் இருந்தால் எந்த வகையில் போடுவது என்று அவருக்குத் தெரியாது. சந்தேக வகையில் போட்டுவிட்டுப் போய்விடுவார்.

*'டைனமிக் டிஎன்எஸ்'*

வீட்டு சர்வருக்கு இலவசத் துணைப்பெயர் சேவை எதையாவது பயன்படுத்துகிறீர்கள். அந்தச் சேவையின் கீழ் இருக்கும் எல்லாப் பெயர்களையும் மொத்தமாகத் தடுப்பது வழக்கம், உங்கள் பெயரை மட்டும் விடுவிக்கச் சொல்லிப் பயனில்லை. சொந்தமாக ஒரு டொமைன் வாங்குங்கள். ஒரு குடும்பம் வெளியே சாப்பிடும் காசில் ஒரு வருடம் ஓடும்.

*'ஃபிஷிங்' அல்லது 'தீய மென்பொருள்'*

நேராக அறிகுறி 4க்குப் போங்கள்.

*'இணையவழி மின்னஞ்சல்'*

ஃபில்டர் உங்களைச் சரியாகவே புரிந்துகொண்டிருக்கிறது. தனிப்பட்ட மெயில் எதுவும் வேண்டாம் என்பது அந்த ஆபீசின் முடிவு. ஜிமெயிலும் அங்கே திறக்காது, கேட்டுப் பாருங்கள். வங்கி, மருத்துவக் காப்பீடு, கால் சென்டர் போன்ற இடங்களில் இது சாதாரணம். வாடிக்கையாளர் தகவல் வெளியே கசிந்தால் போப்பியா (தனிநபர் தகவல் பாதுகாப்பு) சட்டப்படி அவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

இந்த இடத்தில் குறுக்கு வழி கேட்பார்கள். விபிஎன் போடலாமா, பிராக்ஸி வைக்கலாமா, வெப்மெயிலுக்கு 'பஞ்சாங்கம்' என்று பெயர் மாற்றி வைத்தால் தெரியாதா? தொழில்நுட்பப்படி சில நாள் ஓடும். ஆனால் ஃபில்டரைத் தாண்டும் முயற்சிக்கென்றே தனி வகை இருக்கிறது, அது லாக்கில் பெயரோடு பதிவாகும். மண்டபப் பதிவுக்காக ஒருவருடைய வேலைக்கு ஆபத்து வரக்கூடாது. என் சர்வரில் நான் செய்து தருவதில்லை.

நேர்வழியில் இரண்டு உண்டு. போனில் டேட்டா போட்டுப் பார்ப்பது ஒன்று. ரவுண்ட்கியூபின் இலாஸ்டிக் தோல் (திரைத் தோற்றம்) போன் திரைக்கு நன்றாகவே பொருந்தும், ஒரு மாதத்துக்கு மெயில் படிக்க ஆகும் டேட்டா சொற்பம். இன்னொன்று, உறுப்பினர் தன் ஆபீஸ் ஐடி பிரிவுக்கு ஒரு சின்னக் கடிதம் எழுதுவது. முகவரி என்ன, யார் நடத்துகிறார்கள், எதற்காக வேண்டும், மதிய இடைவேளையில் மட்டும் போதும் என்று நான்கு வரி. சில கம்பெனிகள் ஊழியரின் சமூகப் பணிக்கு என்று கேட்டால் அனுமதிக்கின்றன. அவர் மேலாளர் மூலம் போனால் இன்னும் நல்லது. கோயில் மெயிலை ஆபீஸ் முகவரிக்குத் தானாகத் திருப்பிவிடுவது மட்டும் வேண்டாம். அடியார்களின் விவரமெல்லாம் சம்பந்தமில்லாத ஒரு கம்பெனியின் சர்வரில் போய் உட்காரும்.

அறிகுறி 4: எல்லா இடத்திலும் சிவப்புத் திரை, 'ஏமாற்றுத் தளம்' என்ற எச்சரிக்கை

ஆபீஸ், வீடு, போன் எல்லாவற்றிலும் வந்தால் இது கூகுளின் பாதுகாப்புப் பட்டியல். இரண்டில் ஒன்று நடந்திருக்கிறது: பக்கத்தின் தோற்றத்தைப் பார்த்துத் தவறாகச் சந்தேகித்திருக்கிறார்கள், அல்லது நிஜமாகவே யாரோ உள்ளே புகுந்திருக்கிறார்கள். இரண்டாவதை விலக்கிய பிறகே முதலாவதை நம்புங்கள்.

ரவுண்ட்கியூபின் பதிப்பு எண்ணைப் பாருங்கள். 2025 ஜூனில் வெளியான 1.6.11, 1.5.10 ஆகியவை பெரிய ஓட்டை ஒன்றை அடைத்தன. ஏதோ ஒரு கணக்கின் பாஸ்வேர்டு கிடைத்தாலே போதும், சர்வரில் தன் நிரலை ஓடவிடலாம் என்ற அளவுக்கு மோசமானது. வருடக்கணக்காக எல்லாப் பதிப்பிலும் இருந்தது. நீங்கள் இன்னும் அதற்கு முந்தையதில் இருந்தால் இந்தக் கட்டுரையை இங்கேயே நிறுத்திவிட்டுப் புதுப்பித்துவிட்டு வாருங்கள்.

பிறகு வெப் கோப்புறையில் நீங்கள் வைக்காத கோப்பு ஏதாவது இருக்கிறதா, மெயில் வரிசையில் திடீரென்று குவியல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அழித்துச் சுத்தம் செய்ய முயலாதீர்கள். சர்வரை வெளியுலகத்தில் இருந்து துண்டித்துவிட்டு விஷயம் தெரிந்த ஆளைக் கூப்பிடுங்கள். உறுப்பினர் விவரம் கசிந்திருக்க வாய்ப்பிருந்தால் தகவல் ஒழுங்காற்று அமைப்புக்கும் பாதிக்கப்பட்டவர்களுக்கும் தெரிவிக்கும் கடமை கமிட்டிக்கு உண்டு. அதை நிர்வாகி ஒருவர் முன்னின்று செய்யட்டும், சர்வர் பார்க்கிறவர் தலையில் கட்ட வேண்டாம்.

எல்லாம் சுத்தமாக இருந்தால் லாகின் பக்கத்தைச் சரிசெய்யுங்கள். ரவுண்ட்கியூபின் இயல்பான லாகின் பக்கம் உலகெங்கும் ஒன்றுபோலவே இருக்கும், ஏமாற்றுக்காரர்களும் அதையே நகலெடுக்கிறார்கள். உங்கள் அமைப்பின் பெயரும் சின்னமும், முதன்மைத் தளத்துக்கு ஒரு இணைப்பும் அதில் இருக்கட்டும். அழகுக்காக அவுட்லுக் மாதிரியோ ஜிமெயில் மாதிரியோ தோல் போட்டிருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள். அப்புறம் தள உரிமையாளர்களுக்கான கூகுள் சர்ச் கன்சோலில் டொமைன் உங்களுடையது என்று நிரூபித்து மறுபரிசீலனை கேளுங்கள்.

அறிகுறி 5: லாகின் பக்கம் வருகிறது, உள்ளே போனதும் வெளியே தள்ளுகிறது

'உங்கள் அமர்வு காலாவதியானது' என்று வரும். கணினி தூங்கியோ பக்கம் மூடியோ பத்து நிமிடம் போனால் வருவது இயல்பு, ரவுண்ட்கியூபின் வழக்கமான அளவு அதுதான். அரை மணியாக்கிக்கொள்ளலாம். பொதுக் கணினியில் திறப்பவர்கள் இருந்தால் கூட்டாதீர்கள்.

போன உடனே தள்ளினால் ஐபி சோதனை என்ற அமைப்பைப் பாருங்கள். பெரிய கம்பெனிகளில் ஒரே ஆளின் கோரிக்கைகள் மாறி மாறி இரண்டு மூன்று வெளி முகவரிகளில் இருந்து வரும். அமர்வை முகவரியோடு கட்டி வைத்திருந்தால் இரண்டாவது சொடுக்கிலேயே ஆள் மாறிவிட்டார் என்று ரவுண்ட்கியூப் நினைக்கும். அதை அணைத்துவிட்டு, பதிலாக இரண்டடுக்குச் சரிபார்ப்புச் செருகு நிரலை (பிளக்இன்) போடுங்கள்.

இரண்டும் இல்லையென்றால் குக்கி (லாகினை நினைவில் வைக்க பிரவுசர் சேமிக்கும் சிறு தகவல்). ரிவர்ஸ் பிராக்ஸிக்குப் பின்னால் இருக்கும் ரவுண்ட்கியூபுக்குத் தான் பாதுகாப்பான இணைப்பில் இருக்கிறோம் என்பது தெரியாமல் போகலாம். அதைச் சொல்லும் அமைப்பும் நம்பகமான பிராக்ஸிப் பட்டியலும் அதன் அமைப்புக் கோப்பில் இருக்கின்றன.

அறிகுறி 6: படிக்க முடிகிறது, இணைப்புக் கோப்பை மட்டும் ஏற்ற முடியவில்லை

பிப்ரவரி கடைசியில் வரி ஆண்டு முடியும்போது, 18ஏ ரசீதுகளைக் கட்டாக அனுப்பும் நாட்களில் இது அதிகம் வரும்.

அதே கோப்பை வீட்டிலிருந்து ஏற்றிப் பாருங்கள். வீட்டிலும் தோற்றால் அளவு வரம்பு. மூன்று இடத்தில் இருக்கிறது, மூன்றையும் சேர்த்தே உயர்த்த வேண்டும். என்ஜின்எக்ஸ் மாற்றாத நிலையில் 1 எம்பிக்கு மேல் ஏற்காது, 413 என்ற எண்ணோடு திருப்பும். ரவுண்ட்கியூபை ஓட்டும் பிஎச்பியில் ஒரு கோப்புக்கு 2 எம்பி, மொத்தக் கோரிக்கைக்கு 8 எம்பி. மெயிலை அனுப்பும் போஸ்ட்ஃபிக்ஸ் ஏறக்குறைய 10 எம்பி. மெயிலில் போகும்போது கோப்பு மூன்றில் ஒரு பங்கு பெருக்கும் என்பதால் 10 எம்பி வரம்பில் 7 எம்பி கோப்புதான் நிம்மதியாகப் போகும்.

வீட்டிலிருந்து போய் ஆபீசில் மட்டும் நின்றால், தகவல் கசிவைத் தடுக்கும் மென்பொருள் வேலை செய்கிறது. படிக்க விடுவார்கள், ஏற்ற விடமாட்டார்கள். கோப்பைச் சுருக்கிப் பாஸ்வேர்டு போட்டு அனுப்பிப் பார்க்காதீர்கள், திறக்க முடியாத கோப்பைக் கண்டால் அது இன்னும் உஷாராகும். சாயங்காலம் வீட்டிலிருந்து அனுப்பட்டும்.

அறிகுறி 7: பக்கம் பாதி வருகிறது, பொத்தான்கள் வேலை செய்யவில்லை

எழுத்துருவோ நிரலோ வெளித் தளம் ஒன்றிலிருந்து இழுக்கப்படுகிறது, அந்தத் தளம் ஆபீசில் தடைபட்டிருக்கிறது. யாரோ செய்த தோல், செருகு நிரல் இவற்றை அணைத்துப் பாருங்கள். எல்லாவற்றையும் உங்கள் சர்வரிலேயே வைத்துப் பரிமாறினால் தீர்ந்தது.

அறிகுறி 8: வெப்மெயில் சரி, ஆபீஸ் வைஃபையில் போனின் மெயில் ஆப் மட்டும் ஒத்திசைவதில்லை

ஆப் 993, 465, 587 ஆகிய போர்ட்டுகளைத் தேடும். ஆபீஸ் விடுவது 443தான். ஆப் மெயில் எடுக்கும் ஐமேப் சேவையை 443க்கு மாற்றி வைக்கலாமா என்று கேட்பார்கள். அதே முகவரியில் வெப்மெயில் இருக்கும்போது அது வம்பு, ஒன்றை ஒன்று கெடுக்கும். பகலில் பிரவுசரில் பார்க்கட்டும், அல்லது போனில் வைஃபையை அணைக்கட்டும். ஆப் கேட்பாரற்றுத் திரும்பத் திரும்ப முயன்றால் பேட்டரி இறங்கும், அவ்வளவுதான். ஆனால் 993 திறந்திருந்து பாஸ்வேர்டு மட்டும் பழையது என்றால் ஃபெயில்2பேன் கதை மறுபடி தொடங்கும். அதனால் பாஸ்வேர்டு மாற்றிய நாளில் எந்தெந்தப் போனில் அந்தக் கணக்கு இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.